அண்ணனின் அச்சகம்: ஒரு புகலிடக் கோரிக்கையின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் மனிதரின் நாடு எது, மொழி எது, அவர் எங்கே வந்து இறங்கினார் என்பவற்றை நான் சொல்லப்போவதில்லை. ஒருவர் புகலிடம் கேட்டிருக்கிறார் என்ற செய்தி சொந்த நாட்டு அதிகாரிகளின் காதுக்கு எட்டினாலே அங்கே எஞ்சியிருக்கும் உறவினருக்குத் தொல்லை தொடங்கிவிடக்கூடும். அதனால் இந்தக் கோரிக்கைகளை விசாரிக்கும் அலுவலருக்கு இரகசியம் காப்பது முதல் கடமை. காலத்தையும் சில சிறு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். கோப்பில் நான் செய்த பிழைகளை மட்டும் நடந்தபடியே வைத்திருக்கிறேன், ஏனெனில் இதை எழுதுவதே அவற்றுக்காகத்தான்.

மனுதாரர் முப்பத்தைந்து வயதை நெருங்கிக்கொண்டிருந்த அச்சகத் தொழிலாளி. மனைவியும் ஒரு மகளும் ஊரில் இருந்தார்கள். ஒரே அச்சகத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆஃப்செட் இயந்திரம் ஓட்டியவர். தேர்தலுக்கு முந்தைய சில வாரங்களில், இரவு வேலையாக, ஓர் எதிர்க்கட்சிக்கு அங்கே துண்டறிக்கைகள் அச்சாகின. ஓரிரவு பாதுகாப்புப் படையினர் உள்ளே புகுந்து, அச்சான தாள்களையும், அச்சிட வேண்டியது பதிந்த தகடான பிளேட்டையும் எடுத்துக்கொண்டு, அவரையும் உடன் வேலை செய்த இருவரையும் ஏற்றிச் சென்றார்கள். துண்டறிக்கையை எழுதிக் கொடுத்தது யார், கொண்டுபோவது யார் என்று கேட்டு அடித்தார்கள். உறவினர் ஒருவர் பணம் கொடுத்து அவரை மீட்டார். அச்சக உரிமையாளர் அதற்குப் பிறகு எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஏழு மாதம் கழித்து அதே ஆட்கள் வீட்டுக்கு வந்து விசாரித்தபோது அவர் வீட்டில் இல்லை. அதன் பின் வீட்டுக்குத் திரும்பவும் இல்லை. கோரிக்கை இவ்வளவுதான்.

இதை எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு ஒன்றைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க ஆதாரமுள்ள அச்சத்தால் தன் நாட்டுக்கு வெளியே இருப்பவரும், அந்த நாட்டின் பாதுகாப்பை நாட முடியாதவரோ அந்த அச்சத்தால் நாட விரும்பாதவரோ ஆனவரும் அகதி என்பது 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் வரையறை. 1951க்கு முந்தைய நிகழ்வுகளால் பெயர்ந்தவர்களுக்கு மட்டுமே என்று அதில் இருந்த வரம்பை 1967ஆம் ஆண்டு நெறிமுறை நீக்கியது. இந்த வரையறையை அன்றாட வேலையில் எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு ஐ.நா. அகதிகளுக்கான உயர் ஆணையர் அலுவலகம் 1979இல் வெளியிட்ட கையேடுதான் இன்றும் எங்கள் மேசைமேல் இருக்கிறது. அதன் 28ஆம் பத்தி எங்கள் வேலையின் அளவைச் சற்றுச் சுருக்கிக் காட்டுகிறது: அங்கீகாரம் ஒருவரை அகதியாக்குவதில்லை, ஏற்கனவே அகதியாக இருப்பவரை அகதி என்று அறிவிக்கிறது, அவ்வளவே. அகதியாக இருக்கும் ஒருவரை அல்ல என்று எழுதினாலும் அவர் அகதிதான். உடன்படிக்கையின் 33ஆம் உறுப்புரை தடைசெய்யும் திருப்பியனுப்பலுக்கு நாங்கள் கையெழுத்திட்டிருப்போம்.

முதல் நேர்காணல் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக நடந்தது. அடுத்த வாரம் நான் எழுதிய வரைவு மறுப்பு முடிவு. ஐந்து காரணங்கள் காட்டியிருந்தேன். கட்சியைப் பற்றி நான் கேட்ட பதினான்கு கேள்விகளில் நான்குக்கு மட்டுமே அவர் சரியாகப் பதில் சொன்னார். குடும்ப விவரப் படிவத்தில் அக்கா ஒருவரைத் தவிர உடன்பிறந்தோர் இல்லை என்று எழுதியவர், நேர்காணலில் அச்சகம் தன் அண்ணனுடையது என்றார். வந்து இறங்கிய அன்று இரண்டு நாள் காவலில் இருந்ததாகச் சொன்னவர், என்னிடம் பதினொரு நாள் என்றார். இருபக்கமும் அச்சான துண்டறிக்கைக்கு ஒரே ஒரு பிளேட்தான் கைப்பற்றப்பட்டது என்றார். இரண்டு பக்கத்துக்கு இரண்டு பிளேட் வேண்டாமா என்று எனக்குத் தோன்றியது. கடைசியாக, தரைவழியாக முகவர் ஒருவருடன் எல்லை கடந்ததாகச் சொன்னார், ஆனால் கைரேகையைச் சரிபார்த்தபோது சொந்தக் கடவுச்சீட்டில் விசா பெற்று விமானத்தில் வந்திருந்தது தெரிந்தது. தனித்தனியாகப் பார்த்தால் சிறியவை, சேர்த்துப் பார்த்தால் இவரை நம்ப முடியாது என்று முடித்திருந்தேன். இத்தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த வாக்கியம் நன்கு பழகியது. தனித்தனியாக நிற்க முடியாத காரணங்களை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நிறுத்துவதற்கு இதைப் போல் வசதியான வாக்கியம் வேறில்லை.

எங்கள் பிரிவில் எந்த முடிவும் இரண்டாவது அலுவலர் ஒருவர் படித்து ஒப்பமிடாமல் வெளியே போகாது. என் வரைவைப் படித்தவர் என்னைவிடப் பத்து ஆண்டு மூத்த அம்மையார். அவர் ஓரத்தில் பென்சிலால் இரண்டு குறிப்புகள் மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார். கட்சியைப் பற்றிய பத்திக்கு எதிரே, ‘இவர் கட்சி உறுப்பினர் என்று எங்கே சொல்லியிருக்கிறார்?’ என்று இருந்தது. மற்ற நான்கு பத்திகளுக்கும் சேர்த்து நீளமாக ஒரு கோடு இழுத்து, ‘இவற்றை அவரிடம் கேட்டீர்களா?’ என்று எழுதியிருந்தார்.

முதல் குறிப்புக்கு நேர்காணல் பதிவைத் திரும்பப் படித்ததே போதுமானதாக இருந்தது. அவர் எந்த இடத்திலும் தன்னைக் கட்சிக்காரர் என்று சொல்லவில்லை. ‘எனக்கு அரசியல் தெரியாது, வந்த வேலையை ஓட்டினேன்’ என்று இரண்டு முறை சொல்லியிருந்தார். அந்த இரண்டு முறையும் நான் அடுத்த கேள்வியாகக் கட்சியின் தேர்தல் வாக்குறுதிகளைக் கேட்டிருந்தேன். அரசியல் கருத்து என்பது ஒருவர் உண்மையில் கொண்டிருக்கும் கருத்தாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. துன்புறுத்துபவர் அவர்மேல் சுமத்தும் கருத்தும் போதும் என்பது பல நாட்டு நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட நிலைப்பாடு. எதிர்க்கட்சியின் துண்டறிக்கையை அச்சிட்டவனைப் படையினர் எதிர்க்கட்சிக்காரனாகவே பார்த்தார்கள் என்றால், அந்தக் கட்சியை நிறுவியவர் யார் என்பது அவருக்குத் தெரியாதது கோரிக்கையைப் பலவீனப்படுத்தாது. சொல்லப்போனால், பதினான்குக்கும் மனப்பாடமாகப் பதில் வந்திருந்தால்தான் நான் யோசித்திருக்க வேண்டும். நான் எழுதியது அவர் முன்வைக்காத ஒரு கோரிக்கைக்கான மறுப்பு.

இரண்டாவது குறிப்புக்காக அவரை மீண்டும் வரவழைத்தேன். உண்மைகளை நிறுவும் பொறுப்பு கொள்கையளவில் மனுதாரருடையது என்றாலும், அவற்றைக் கண்டறிந்து மதிப்பிடும் கடமை இருவருக்கும் பொது என்று கையேட்டின் 196ஆம் பத்தி சொல்கிறது. பயிற்சி வகுப்பில் நானே இதைப் பிறருக்கு விளக்கியிருக்கிறேன். ஆனாலும் முரண்பாடு ஒன்று கண்ணில் பட்டதும் அதைக் குறித்துக்கொண்டு பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கமாகியிருந்தது. கேட்டால் சமாளித்துவிடுவார் என்ற எண்ணம் அதற்குள் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள முடிகிறது.

இம்முறை வேறொரு மொழிபெயர்ப்பாளர் வந்தார். அண்ணன் விவகாரம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. மனுதாரர் உரிமையாளரைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் மொழிபெயர்ப்பாளர் கையை உயர்த்தி, ஒரு விளக்கம் தர அனுமதி கேட்டார். அந்த மொழியில் மூத்த சகோதரனைக் குறிக்கும் சொல்லால்தான் வயதில் மூத்த எந்த ஆணையும், குறிப்பாக வேலை கொடுத்தவரையும், மரியாதையாக அழைப்பார்கள் என்றும், முன்பு வந்தவர் அதைச் சொல்லுக்குச் சொல்லாகப் பெயர்த்திருக்கக்கூடும் என்றும் சொன்னார். தமிழில் வாழ்பவருக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. கடைக்காரரையும் ஓட்டுநரையும் நாள் முழுவதும் அண்ணா என்று அழைத்துவிட்டு, ஓர் அயல்மொழிக்காரர் அதே சொல்லைப் பயன்படுத்தியபோது எனக்கு உறைக்காமல் போனதுதான் வியப்பு. பதிவு மொழியில் எழுதப்பட்ட ஒரு சொல்லைப் படித்தேனே தவிர, அவர் வாயிலிருந்து வந்த சொல் எதுவென்று நான் கேட்கவே இல்லை.

நாட்களின் கணக்கும் சொல்லில்தான் சிக்கியிருந்தது. வந்து இறங்கிய அன்று நடக்கும் முதற்கட்டப் பதிவு, தொலைபேசி வழி மொழிபெயர்ப்புடன், அரை மணி நேரம்கூட நீடிக்காத ஒன்று. அடையாளத்தையும் பயணத்தையும் பதிவு செய்வதே அதன் நோக்கம். அதிலுள்ள கட்டம் ‘கைது செய்யப்பட்டதுண்டா, எத்தனை நாள்’ என்று கேட்கிறது. காவல் நிலையத்தில் பெயர் எழுதி வைத்திருந்தது இரண்டு நாள். அங்கிருந்து கண்ணைக் கட்டி வேறொரு கட்டடத்துக்குக் கொண்டுபோய் வைத்திருந்தது ஒன்பது நாள். இரண்டாவதை அவர் கைது என்று நினைக்கவில்லை, ஏனென்றால் அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. கைது செய்தார்கள், பிடித்து வைத்தார்கள், விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள் ஆகிய மூன்றும் நம் காதிலும் ஒரே பொருளில் விழுவதில்லை. படிவத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. விளக்கம் கிடைத்ததாலேயே அது உண்மையாகிவிடாது; யோசித்துவைத்த விளக்கங்களும் உண்டு. ஆனால் நினைவு என்பது முறையாக அடுக்கிய பதிவேடு அல்ல என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. கொசோவோவிலிருந்தும் பொஸ்னியாவிலிருந்தும் வந்து ஏற்கனவே தங்குரிமை பெற்றிருந்தவர்களை, அதாவது பொய் சொல்வதால் எந்தப் பலனும் இல்லாதவர்களை, ஒரே நிகழ்வுகளைப் பற்றி இரண்டு முறை விசாரித்த ஆய்வொன்று 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியானது. இரண்டு விவரிப்புகளுக்கும் இடையே வேறுபாடுகள் வந்தன. நிகழ்வின் மையத்தைவிட ஓரத்து விவரங்களில் அதிகமாக வந்தன. மனவடுவின் அறிகுறிகள் மிகுந்தவர்களிடம் விசாரணைகளுக்கு இடைப்பட்ட காலம் நீள நீள வேறுபாடுகளும் பெருகின. தேதியும் நாட்கணக்கும் நிகழ்வின் ஓரத்தில் இருப்பவை. எங்கள் கேள்விகள் பெரும்பாலும் அவற்றைத்தான் துருவுகின்றன.

பிளேட் பற்றிய கேள்விக்கு வந்தபோது அவர் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். வெற்றுத்தாள் கேட்டார். நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பாதியில் முன்பக்கம், வலப்பாதியில் பின்பக்கம் என்று எழுதினார். இரண்டையும் ஒரே பிளேட்டில் போட்டு, தாள்கட்டு முழுவதையும் ஒரு பக்கம் ஓட்டி முடித்து, கட்டை அப்படியே புரட்டி அதே பிளேட்டில் மறுபக்கம் ஓட்டினால், நடுவே வெட்டும்போது ஒவ்வொரு தாளிலிருந்தும் இரண்டு முழுத் துண்டறிக்கைகள் கிடைக்கும். பிளேட் செலவு பாதி. வெளியே தெரியக்கூடாத வேலைக்கு இரண்டு பிளேட் எடுத்துக் காசை யார் வீணாக்குவார்கள் என்று என்னைக் கேட்டார். என் வரைவில் அச்சுத்தொழிலைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அதை எழுதியவன் தன் வாழ்நாளில் ஓர் அச்சகத்துக்குள் காலடி வைத்ததில்லை.

பிறகு அந்த இரவைப் பற்றி அவரை இடைமறிக்காமல் பேசவிட்டேன். இயந்திரத்தின் இரைச்சலில் வண்டிகள் வந்தது கேட்கவில்லை. ஷட்டரின் அடியில் வெளிச்சம் ஓடியதைத்தான் முதலில் பார்த்தார். வந்தவர்களில் ஒருவனுக்கு இயந்திரத்தை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. துப்பாக்கியைக் காட்டி இவரையே நிறுத்தச் சொன்னான். நின்ற பிறகு வந்த நிசப்தத்தில்தான் உடன் வேலை செய்த பையன் அழுதுகொண்டிருப்பது கேட்டது. முதல் நேர்காணலில் இவை எதுவும் வரவில்லை, ஏனென்றால் ‘எத்தனை பேர் வந்தார்கள், என்ன சீருடை, எத்தனை மணி’ என்று நான் கேட்டதற்கெல்லாம் அவர் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பேச்சின் நடுவே, தாள்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இயந்திரத்தில் வைக்கும் முன் கட்டை விசிறிப் பிரிக்க வேண்டும் என்று சொல்லி, மேசையிலிருந்த தாள்களை எடுத்துச் செய்து காட்டினார். இடது கையால் செய்தார். பேனாவை வலது கையில் பிடித்திருந்தவர். ஏன் என்று கேட்டேன். வலது கட்டைவிரலின் பின்புறம் தொட்டால் தெரிவதில்லை, எத்தனை தாள் நழுவுகிறது என்று தெரியாது, அந்தப் பதினொரு நாளுக்குப் பிறகு அப்படித்தான் என்றார். இதை அவர் தன் கோரிக்கையில் எழுதவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றவில்லையாம்.

மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினேன். சித்திரவதையின் அடையாளங்களை ஆவணப்படுத்துவதற்கு 1999இல் உருவான இஸ்தான்புல் நெறிமுறை, ஒரு காயம் சொல்லப்படும் காரணத்தோடு பொருந்தவில்லை என்பதிலிருந்து அந்தக் காரணமன்றி வேறெதனாலும் வந்திருக்க முடியாது என்பது வரை ஐந்து படிகளை வகுத்திருக்கிறது. மணிக்கட்டைச் சுற்றிய தழும்புக்கும் உணர்விழப்புக்கும் மருத்துவர் எழுதியது ‘பெரிதும் பொருந்துகிறது’ என்ற நடுப்படி. இறுக்கமான விலங்கு மணிக்கட்டின் ஓரமாக ஓடும் நரம்பை நசுக்கினால் இப்படி உணர்விழப்பு வரும். வேறு சில காரணங்களாலும் வரலாம். மருத்துவர் அதற்கு மேல் போகவில்லை, போயிருக்கவும் கூடாது. அறிக்கையை வைத்து நானும் அதற்கு மேல் போக முடியாது, கீழேயும் போக முடியாது. கீழே போவதுதான் அலுவலர்களிடம் அதிகம் காணப்படும் குற்றம். முதுகிலும் கையிலும் சூட்டுத் தழும்புகளோடு வந்த இலங்கைத் தமிழர் ஒருவர் அவற்றை வேண்டுமென்றே பிறரைக் கொண்டு போட்டுக்கொண்டார் என்று கீழ்மன்றம் நம்பிய வழக்கில், அப்படிச் செய்துகொள்வது மிக மிக அரிது என்பதை எடைபோடத் தவறியதைச் சுட்டிக்காட்டி, 2019 மார்ச்சில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. அதற்குள் அவர் இங்கிலாந்துக்கு வந்து எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

கடவுச்சீட்டு விஷயத்தில் அவர் பொய் சொன்னார். அதில் ஐயமில்லை, அவரும் மறுக்கவில்லை. விமானத்தில் வந்ததைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று முகவர் மிரட்டியிருந்தார். இப்படிக் கோரிக்கைகளைத் ‘திருத்தி’க் கொடுக்கும் ஆட்கள் உண்மையான கதைகளைக் கெடுத்த அளவுக்கு நாங்கள்கூடக் கெடுத்திருக்க மாட்டோம். பொய்யான கூற்று மட்டுமே மறுப்புக்குக் காரணமாகாது, எல்லாச் சூழலையும் வைத்து அதை எடைபோடுவது விசாரிப்பவரின் பொறுப்பு என்று கையேட்டின் 199ஆம் பத்தி சொல்கிறது. இந்தப் பொய் கோரிக்கையின் மையத்தைத் தொடுகிறதா என்று பார்த்தேன். ஒருவகையில் தொடுகிறது: தேடப்படுபவர் சொந்தப் பெயரில் விமான நிலையம் வழியாக எப்படி வெளியேறினார்? அந்த நாட்டைப் பற்றி எங்களிடம் இருந்த நிலவரத் தகவலின்படி, வட்டாரப் பாதுகாப்புப் பிரிவுகள் தேடும் ஆட்களின் பெயர்கள் எல்லாம் விமான நிலையப் பட்டியலுக்குப் போவதில்லை. ஆகவே அவர் நாடு முழுவதும் தேடப்படும் ஆள் அல்ல என்று முடிவு செய்தேன். வட்டார அளவில் தேடப்பட்டார் என்பதை ஏற்றேன். அந்தப் பொய்யை முடிவில் மறைக்காமல் எழுதினேன்.

அப்படியானால் வேறு நகரத்துக்குப் போய் வாழலாமே என்ற கேள்வி எழும். இதில்தான் நான் அதிக நேரம் தயங்கினேன். துன்புறுத்துவது அரசின் கையே என்றால், அந்த அரசின் ஆட்சி எட்டும் வேறொரு பகுதி பாதுகாப்பானது என்று பொதுவாகக் கொள்ள முடியாது என்பது உயர் ஆணையர் அலுவலகம் 2003இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் போக்கு. நிலவரத் தகவலும் அதையே காட்டியது: புதிய ஊரில் வாடகைக்கு வீடு எடுப்பவர் காவல் நிலையத்தில் பதிய வேண்டும், பதிந்தால் முந்தைய ஊரில் விசாரிப்பார்கள். உள்நாட்டு இடமாற்றம் இவருக்கு வழியாகாது என்று எழுதினேன். அகதி நிலையிலிருந்து ஒருவரை விலக்குவதற்கான காரணங்கள், அதாவது முதலாவது உறுப்புரையின் ஆறாம் பிரிவில் சொல்லப்படும் போர்க்குற்றம் முதலானவை, இவர் விஷயத்தில் எழவே இல்லை.

மிஞ்சியது எதிர்காலம். கடந்த காலத்தில் நடந்ததை நிறுவுவது அதை ஊகிப்பதற்கான அடித்தளம் மட்டுமே. திரும்பினால் துன்புறுத்தப்படுவதற்குப் பாதிக்கு மேற்பட்ட வாய்ப்பு இருக்க வேண்டும் என்று பல அலுவலர்கள் மனத்துக்குள் வைத்திருக்கும் அளவு தவறானது. 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பத்தில் ஒரு வாய்ப்புகூடத் தக்க அச்சமாகலாம் என்றது. அதே ஆண்டு டிசம்பரில், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரித்தானியப் பிரபுக்கள் அவை, இலங்கைத் தமிழர்களின் வழக்கில்தான், ‘நியாயமான அளவு நிகழக்கூடிய சாத்தியம்’ என்ற அளவுகோலை வகுத்தது. அந்த அளவுகோல் பிறகு பலருக்கு உதவியது. அந்த வழக்கில் வந்தவர்களுக்கு உதவவில்லை. 1988 பிப்ரவரியில் அவர்களில் ஐவர் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள், அவர்கள் அகதிகளே என்று மேல்முறையீட்டு அதிகாரி 1989இல் தீர்ப்பளித்த பிறகு மீண்டும் பிரித்தானியாவுக்கு அழைக்கப்பட்டார்கள்.

எங்கள் மனுதாரருடன் பிடிபட்ட இருவரில் ஒருவர் மீண்டும் கொண்டுபோகப்பட்டார் என்பதற்கு உள்ளூர்ச் செய்தித்தாளின் சிறு செய்தியொன்று கோப்பில் இருந்தது. முதல் வரைவை எழுதியபோதும் அது அங்கேயேதான் இருந்தது. இவரை நம்பவில்லை என்று முடிவு கட்டிய பிறகு அந்தத் தாளைப் படித்ததால், அதற்கு எந்த எடையும் இல்லை என்று ஒரு வரியில் கடந்திருந்தேன். சான்றுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த பிறகே நம்பகத்தன்மையைப் பற்றி முடிவு செய்ய வேண்டும். வரிசை மாறினால் முடிவும் மாறும் என்பதை இந்தத் தாளில் கண்ணால் பார்த்தேன்.

இரண்டாவது முடிவு ஆறு பக்கம். அங்கீகாரம் என்று எழுதி அம்மையாரிடம் கொடுத்தேன். உள்நாட்டு இடமாற்றம் பற்றிய பத்தியில் மட்டும் ஒரு வாக்கியத்தை நீக்கச் சொல்லி ஒப்பமிட்டார். ஏறக்குறைய ஐந்து மாத இடைவெளி. அந்த ஐந்து மாதமும் அவர் மகளுக்கு எந்தப் பதிலும் சொல்ல முடியாமல் இருந்தார்.

கோப்பை மூடும் முன் ஒரு வேலை மீதமிருந்தது. முதல் நேர்காணல் பதிவை யாரும் திருத்த முடியாது. பிழையோடு அப்படியே இருக்கும். மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ள அவர் விண்ணப்பிக்கும்போது வேறோர் அலுவலர் அதே பதிவைப் படித்து, படிவத்தில் இல்லாத அண்ணன் ஒருவரைக் கண்டுபிடிப்பார். எனவே உட்பக்க அட்டையில் ஒரு குறிப்பை ஒட்டினேன்: ‘உடன்பிறந்தோர்: அக்கா ஒருவர் மட்டும். முதல் நேர்காணலில் அண்ணன் என்று வரும் இடங்களில் எல்லாம் அச்சக உரிமையாளர் என்று கொள்க. ஐயம் இருந்தால் மனுதாரரிடம் கேட்கவும்.’